பத்தாம் நம்பர் மலையில்

இப்போதெல்லாம் நான் எந்தப் புத்தகத்தையும் வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். போன ஐப்பசியில் அம்மாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்கு, எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். அவருக்குக் கண்ணில் அழுத்த நோய். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. "பீலிக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு புள்ள" என்று அம்மா முதலில் சொன்னபோது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தண்ணீர் விழுமே, அந்தக் குழாய்தான் பீலி. அதன் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் மறுமுனையில் எவ்வளவு தெரியும்? அவ்வளவுதான் அம்மாவுக்கு உலகம். முதலில் காட்டிய இடத்தில் கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அதிலேயே ஒரு வருடம் போய்விட்டது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரவு ஒன்பது மணிக்குச் சொட்டு மருந்து. போட்ட பிறகு மூக்கோரமாகக் கண்ணின் மூலையை விரலால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கண்மூடி இருக்க வேண்டும்.

அந்தக் கண்மூடிய நேரத்தில்தான் வாசிப்பு தொடங்கியது. சும்மா படுத்திருக்க அம்மாவுக்குத் தெரியாது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கை, ஏதாவது செய்துகொண்டே இருக்கும். சரி, ஒரு பக்கம் வாசித்துக் காட்டலாமே என்று நினைத்தேன். இப்போது அது ஒரு மணி நேரமாக வளர்ந்துவிட்டது. என் மகளும் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாயியின் கட்டிலுக்கே வந்துவிடுகிறாள்.

முதலில் எடுத்தது சி.வி. வேலுப்பிள்ளையின் நெடுங்கவிதை. பூண்டுலோயாவில் மடக்கும்புறத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர் அவர். 1947-இல் தலவாக்கலையிலிருந்து இலங்கையின் முதல் பாராளுமன்றத்துக்குப் போனவர். கவிதையை ஆங்கிலத்தில்தான் எழுதினார், 1954-இல் வந்தது. பிறகு சக்தி பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்த கவிதை. விடியற்காலைத் தப்பு மேளச் சத்தத்தில் அது தொடங்கும். அந்த இடத்தை வாசித்ததும் அம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"தப்பு எங்க தாத்தா காலம். எங்களுக்குச் சங்குதான்."

அதற்கு அப்பால் அன்றைக்கு வாசிக்க முடியவில்லை. தொழிற்சாலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், ஊதி எவ்வளவு நேரத்துக்குள் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், பிந்தினால் கணக்கப்பிள்ளை எப்படித் திருப்பி அனுப்புவார், திரும்பி வந்தவள் அன்றைக்கு அடுப்பங்கரையில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம் என்று எனக்குத் தெரியும். அரைப் பேர் போட்ட அன்றைக்கு வீட்டில் யாருடைய ரொட்டி பாதியாகும் என்பதை அம்மா சொல்லித்தான் கேட்டேன். தேங்காய்ச் சம்பலும் இல்லாத பாதி ரொட்டி, அதுவும் அவருடையதுதான்.

அதே வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற புத்தகம்தான் இப்போது எங்கள் வீட்டின் உயிர். தான் பிறந்த மண்ணின் வாய்ப்பாட்டுகளை அவர் தேடித் தேடிச் சேர்த்து வைத்தது. நான் வைத்திருப்பது பழைய பிரதி, முதுகில் நூல் பிரிந்துவிட்டது, ரப்பர் பட்டி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். இதை வாசித்துக் காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் வரியை முடிப்பதற்குள் அம்மா பாடத் தொடங்கிவிடுவார். அவர் பாடுவது புத்தகத்தில் இருக்கும் பாட்டு இல்லை. மெட்டு ஒன்றாக இருக்கும், சொல் வேறாக இருக்கும்.

ஒரு நாள் தாலாட்டுப் பகுதிக்கு வந்தோம். அம்மா கண்ணை மூடியபடி தனக்குத் தெரிந்ததைப் பாடினார்:

பத்தாம் நம்பர் மலையில பச்சக் கொழுந்து காத்திருக்கு
பத்து மணிச் சங்கூத பால் கொடுக்க வாறேன்டி

எனக்குப் பாடிய தாலாட்டு அது. இருட்டோடு என்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு நடக்கும்போது பாடியதாம். பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு அம்மா மலைக்கு ஏறுவார். பத்து மணிக்குச் சங்கு ஊதினால் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவார். பாட்டில் இருப்பது கொஞ்சல் என்றுதான் நினைத்திருந்தேன். அது வாக்குறுதி. இன்ன மலையில் இருக்கிறேன், இன்ன நேரத்துக்கு வருவேன் என்று பிள்ளைக்கு விலாசம் சொல்லிவிட்டுப் போவது.

"தம்பிக்கும் இதையா பாடுனீங்க?" என்று கேட்டேன்.

"அவனுக்கு எப்புடி இது? அப்ப நான் ஏழாம் நம்பர்ல இல்ல நின்னேன்." சொல்லிவிட்டுப் பாடினார்:

ஏழாம் நம்பர் மலையில எளங்கொழுந்து காத்திருக்கு

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். மோனை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதி, அடியின் முதல் எழுத்துக்குக் கீழே கோடு போட்டு, பிள்ளைகளைப் பாடமாக்கச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் அம்மாவுக்கு மலை மாறியதும் கொழுந்தும் மாறியிருக்கிறது. பத்துக்குப் பச்சை, ஏழுக்கு இளசு. ஏன் பச்சக் கொழுந்து எளங்கொழுந்தாச்சு என்று கேட்டால், "ஏழோட பச்ச சேராது" என்கிறார். அவ்வளவுதான் விளக்கம். சோறும் கறியும் சேரவில்லை என்று சொல்லுகிற அதே குரல்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் இந்த இரண்டு வரியையும் எழுதிப் போட்டேன். வீட்டில் அம்மாயி, அப்பாயி யாரிடமாவது கேட்டுவிட்டு வாருங்கள், உங்களுக்கு எந்த நம்பர் மலை என்று சொன்னேன். ஏழெட்டுப் பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் மலை இல்லாமல் 'ஸ்டோர்' என்று எழுதி வந்தான். அவனுடைய அம்மாயி தேயிலை ஸ்டோரில் தூள் அரிப்பவராக இருந்தாராம். அந்தத் தாள்களையெல்லாம் நான் அந்தப் பழைய புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ரப்பர் பட்டி இப்போது இன்னும் இழுபடுகிறது.

அடுத்ததாக என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மேசையில் காத்திருக்கிறது. தலைப்பைச் சொன்னதுமே அம்மா கேட்ட கேள்வி: "எத்தன றாத்தல்?" இப்போது கிலோ வந்துவிட்டது, பிரம்புக் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. ஆனால் அம்மா இன்னும் கொழுந்தை றாத்தலில்தான் நினைக்கிறார்.

மழை விடாத நாட்களில், ஊவாப் பக்கம் மார்கழியில் அது எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், நாங்கள் ஓஷின் பார்க்கிறோம். ஜப்பானில் 1983-இல் தொடங்கிய தொடர். மொத்தம் 297 பாகம், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரூபவாஹினியில் போனது. எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி, அதுவும் கார் பேட்டரியில் ஓடியது. இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், இருபது பேர் நெருக்கி உட்கார்ந்து பார்ப்போம். பேச்சு ஒன்றும் விளங்காது. படத்தை வைத்தே எல்லாரும் அழுவார்கள்.

ஏழை விவசாயி வீட்டுப் பெண் ஓஷின். ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக அவளைப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பனி மூடிய மொகாமி ஆற்றில் தெப்பத்தில் அவள் போக, கரையில் அப்பா நிற்பார். அந்தக் காட்சி என் தலைமுறையில் இந்த நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. இப்போது கணினியில் ஓடவிட்டு, கீழே வரும் ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறேன். அன்றைக்கு அம்மா படத்தைப் பார்த்தார், பேச்சு விளங்கவில்லை. இன்றைக்குப் பேச்சு விளங்குகிறது, படம் முழுதாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து இப்போதுதான் அம்மாவுக்கு ஓஷின் முழுக்கதையாகியிருக்கிறது.

தெப்பம் போகும் இடத்தில் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாவே சொன்னார்: "தெரியும் புள்ள. அப்பன் கரையிலயே நிப்பான். அந்தப் புள்ள ரெண்டு கையையும் நீட்டும்." முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் படம் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. கண் போனாலும் கண்டது போகவில்லை. "அரிசி மூட்ட எத்தன கிலோ?" என்று பிறகு கேட்டார். அவருடைய அப்பாயி தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது கங்காணியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று அந்தக் காலத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லையாம். வேலை செய்து தீர்க்க வேண்டிய கடன் என்று மட்டும் தெரியும். ஜப்பான்காரிக்காவது மூட்டைக் கணக்கு இருக்கிறது என்றார்.

இந்தத் தொடரை வேகமாகப் பார்க்க மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாகம்தான். தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடித்து முடிப்பதற்குள் பாகமும் முடிந்துவிடும். சீனியைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கிக் குடிப்பதை அம்மா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. சாயம் சாயமாக நாக்கில் பட வேண்டும், இனிப்பு இனிப்பாகப் பட வேண்டும் என்பார். நானும் இப்போது அப்படித்தான் குடிக்கிறேன். ருசி தனித்தனியாகத் தெரிகிறது.

அப்புறம் பாண்காரர், பேக்கரி ரொட்டி விற்பவர். தினமும் பின்னேரம் நாலரைக்கு அவருடைய முச்சக்கர வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் அந்த இசையைப் போட்டுக்கொண்டு வரும். இலங்கையில் எந்த ஊரிலும் அதைக் கேட்டால் பாண் என்று அர்த்தம். அது பீத்தோவனின் 'ஃபியூர் எலிஸ்' என்று மகள் ஒரு நாள் அம்மாயிக்குச் சொன்னாள். அவள் சின்னக் கீபோர்டில் பழகிக்கொண்டிருக்கிறாள். 1810-இல் எழுதியதாம். 1827-இல் அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867-இல்தான் முதன்முதலாக அச்சில் வந்ததாம். அந்த வருடத்தைக் கேட்டதும் நான் சட்டி கழுவுவதை விட்டுவிட்டு வந்துவிட்டேன். 1867! லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட வருடம். எங்கள் குடும்பத்தின் கதை முழுவதையும் தீர்மானித்த செடி மண்ணுக்குள் போன அதே வருடம் இந்த இசை காகிதத்துக்கு வந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது, தெரியும். ஆனாலும் இரண்டும் பின்னேரம் நாலரைக்கு எங்கள் வீட்டு வாசலில் சந்தித்துக்கொள்கின்றன, பனிஸும் தேத்தண்ணியுமாக. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

வண்டியில் வருவது முதல் துண்டு மட்டும்தான். மகள் முழுவதையும் போனில் போட்டுக் காட்டினாள். நடுவில் ஒரு இடத்தில் கீழ்ச்சுரம் ஒன்றையே திரும்பத் திரும்பத் தட்டி, இடி உறுமுவது போல் வரும். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இந்த எடத்த ஏன் பாண்காரரு போடுறதில்ல?" என்றார். எழுதியவருக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த காலம் அது என்று பேத்தி சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இன்னொரு தடவை போடச் சொல்லி, அந்த உறுமல் வரும் வரைக்கும் காத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. அதன் அடியில் சருகு குவிந்து கிடக்கும், கூட்டுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஐப்பசி முடிவில் ஒரு நாள் விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினார். "ஆறுமணிக் குருவி வந்துருச்சு." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து நின்ற பிறகுதான் கேட்டது. இரட்டைச் சீழ்க்கை, இரண்டாவது கொஞ்சம் இழுத்து. ஒரு முறை கேட்டுவிட்டால் பிறகு தவறாது. காலையில் ஒரு தடவை, அந்தியில் ஒரு தடவை, கடிகாரம் வைத்தது மாதிரி. தோட்டத்தில் அது கூப்பிடும்போதே எழுந்துவிடுவார்களாம், சங்கு பிறகுதானாம்.

அம்மா வாழ்நாள் முழுக்க அந்தக் குரலுக்கு எழுந்திருக்கிறார், குருவியைப் பார்த்ததே இல்லை. பார்க்க எங்கே நேரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படி ஜன்னலோரம் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். சருகுக்குள் ஏதோ துள்ளியது. மைனாவைவிடச் சின்னது, வால் வெட்டிவிட்டது போல் கட்டை. சருகை அலகால் புரட்டிப் போட்டுவிட்டு நிற்கும், பிறகு இரண்டு துள்ளல். நான் ஜன்னலிலிருந்து மெதுவான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்ல, கட்டிலில் இருந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முதுகு பச்சை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, மை இழுத்த மாதிரி. தொண்டை வெள்ளை. வயிறு மங்கல் மஞ்சள், சந்தனம் கரைத்த நிறம். தோளில் ஒரு பொட்டு நீலம். வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு.

"இவ்வளவு கலரா?" என்றார் அம்மா. "சத்தத்த வச்சு நான் சாம்பல் குருவின்னுல்ல நெனச்சிருந்தேன்."

ஹிந்தியில் அதற்கு நவரங் என்று பெயர், ஒன்பது நிறம். இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இங்கேயும் வரும். இரவில்தான் பறக்கும். சித்திரை வாக்கில் திரும்பிப் போய்விடும். இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. "வந்துட்டு வந்துட்டுப் போகுது பாரு" என்றார்.

பெரியம்மாவைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். 1964-இல் தோட்ட மக்களின் குடியுரிமை பற்றி இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட ஒப்பந்தத்தில் பெரியம்மா வீட்டுக்காரருக்கு இந்தியா என்று வந்தது, எழுபதுகளில் போனார்கள். இதே பண்டாரவளை ஸ்டேஷனில்தான் வழியனுப்பினார்களாம். ஒப்பாரிக் கோச்சி என்று அந்தக் கோச்சிக்கு ஊரே பெயர் வைத்திருந்தது. தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரம், அங்கிருந்து கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதான். பல வருடம் கடிதம், பிறகு அதுவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு பெரியம்மாவின் பேரன் எங்களைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, இப்போது வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொள்கிறார்கள் இரண்டு பேரும். நேரடியாகப் பேசினால் அழுகைதான் வருகிறது என்று குரல்பதிவுதான் இருவருக்கும் வசதி.

தாலாட்டு நாளுக்கு மறுநாள் இரவு அம்மா பாட்டை அப்படியே பெரியம்மாவுக்கு அனுப்பச் சொன்னார். பத்தாம் நம்பர், ஏழாம் நம்பர் இரண்டும் பாடி அனுப்பினோம். நாலு நாள் பதில் இல்லை. அங்கே சிக்னல் அப்படி. போன வெள்ளிக்கிழமை சொட்டு மருந்து விட்டு, அம்மா கண்மூடி விரலால் மூலையை அழுத்திக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் போன் சிணுங்கியது. நாற்பது விநாடிப் பதிவு. முதலில் இருமல், பிறகு யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம், பிறகு பெரியம்மாவின் குரல். அம்மாவின் குரல்தான் அது, கொஞ்சம் கரகரத்து.

கோத்தகிரி மலையில கொழுந்து காத்திருக்கு
கோயில் மணி அடிக்கையில பால் கொடுக்க வாறேன்டா

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. மருந்து இறங்க இன்னும் நேரம் இருந்தது. விரலை எடுக்காமலேயே சொன்னார்:

"அங்க சங்கு இல்லியாம் புள்ள. கோயில் மணியாம்."